கஸ்டம் ரோம் போட்டபின் சத்தம் வரவில்லையா? எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

போனோடு வந்த ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு வேறொருவர் செய்த கஸ்டம் ரோமுக்கு மாற்றி, போனின் முழு அதிகாரத்தைப் பெற ரூட் செய்து, ஒலியை மாற்றும் கூடுதல் தொகுப்புகளான ஆடியோ மாட்யூல் இரண்டைப் போட்டு முடித்ததும் போன் ஒழுங்காகத் திறக்கிறது. கேமரா ஓடுகிறது, வைஃபை ஓடுகிறது. பாட்டைப் போட்டால் மட்டும் சத்தம் இல்லை. சிலருக்குப் பாட்டு வரும், ஆனால் அழைப்பில் நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. இன்னும் சிலருக்கு ஈக்வலைசர் ஒரு செயலியில் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது. டெலிகிராம் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு ஜிப் கோப்பை அனுப்புவார்கள். அதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்வது. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு பிழை மூன்று பிழையாகி, கடைசியில் எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போனது.

போனில் சத்தம் போவதற்கு ஒரே பாதை கிடையாது, நாலைந்து பாதைகள் இருக்கின்றன. எந்தப் பாதை அறுந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மாட்யூல் தேடுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சத்தம் போகும் வழி

பாட்டுச் செயலி அனுப்பும் ஒலி முதலில் ஆண்ட்ராய்டின் ஆடியோஃப்ளிங்கர் என்ற பகுதிக்குப் போகிறது. பல செயலிகளின் சத்தத்தை ஒன்றாகக் கலப்பது அதன் வேலை. அங்கிருந்து ஆடியோ ஹால் என்கிற அடுக்குக்கு இறங்குகிறது. இது சிப் நிறுவனமும் போன் நிறுவனமும் அந்தந்த மாடலுக்கென்று செய்து தருவது. போனின் சேமிப்பில் அதற்கென்று ஒதுக்கிய வெண்டார் பார்ட்டிஷனில் இருக்கும். அதற்குக் கீழே வன்பொருளோடு பேசும் கெர்னலில் உள்ள டிரைவர், அப்புறம் ஒலிச் சிப், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்.

இந்த வழியில் மூன்று அமைப்புக் கோப்புகளை நீங்கள் அடிக்கடி கேள்விப்படுவீர்கள். ஆடியோ பாலிசி கோப்பு, எந்த வகைச் சத்தம் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று சொல்கிறது. ஆடியோ எஃபெக்ட்ஸ் கோப்பு, ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், எதிரொலி நீக்கம் போன்றவற்றின் பட்டியல். மிக்ஸர் பாத்ஸ் கோப்பு, ஒலிச் சிப்புக்குள் எந்த ஸ்விட்ச் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு கெய்ன், அதாவது ஒலிப்பெருக்கம், கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆடியோ மாட்யூல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைத்தான் தொடுகின்றன.

2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது பிராஜெக்ட் ட்ரெபிள் என்ற மாற்றம் வந்தது. சிஸ்டம் தனி, வெண்டார் தனி என்று பிரித்தார்கள். பழைய வெண்டாரை வைத்துக்கொண்டே புதிய ஆண்ட்ராய்டைப் போட முடிவது அதனால்தான். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒத்துப்போகாமல் முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஆடியோ என்பதற்கும் காரணம் அதுவேதான்.

இன்னொன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண போன் அழைப்பின் குரல் ஆடியோஃப்ளிங்கர் பக்கமே வராது. நெட்வொர்க்கோடு பேசும் மோடமிலிருந்து, ஒலியைக் கையாளும் டிஎஸ்பி என்ற சிப் பகுதிக்கு நேராகப் போய்விடும். அழைப்பில் குரல் வரவில்லை என்பதற்கு ஈக்வலைசர் மாட்யூலை மாற்றி மாற்றிப் போடுவது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மின்விளக்கைக் கழற்றி மாட்டுவது போல.

கை வைப்பதற்கு முன்

தரவுகளை பேக்கப் எடுங்கள், கணினியிலோ மெமரி கார்டிலோ. ரிகவரி என்ற பராமரிப்புத் திரையில் பெர்சிஸ்ட் பார்ட்டிஷனையும் ஈஎஃப்எஸ் பார்ட்டிஷனையும் தனியாக எடுத்து வையுங்கள். ஈஎஃப்எஸ்ஸில் ஐஎம்இஐ போன்ற மோடம் தகவல்கள் இருக்கும். பெர்சிஸ்டில் சென்சார்களின் அளவீடுகள் இருக்கும். சில போன்களில் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்குத் தொழிற்சாலையில் எடுத்த அளவீடும் அங்கேதான். அது அந்த ஒரு போனுக்கு மட்டும் உரியது, இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. சத்தம் சரியாகும் என்று யாராவது பெர்சிஸ்டை ஃபார்மேட் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள்.

உங்களிடம் இருப்பது ஒரே போன் என்றால் இன்னொரு விஷயம். அழைப்பில் குரல் வராத போன், ஆபத்தில் 112ஐக் கூப்பிட்டாலும் குரல் தராது. பிழை தீரும்வரை சிம்மை வேறொரு போனில் போட்டு வையுங்கள், வீட்டில் கிடக்கும் பழைய பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஜியோ சிம் என்றால் 4ஜி உள்ள பட்டன் போன்தான் வேண்டும், 2ஜி போனில் அது எடுக்காது.

முதல் படி: எளிய காரணங்களைக் கழித்துவிடுங்கள்

ரோம் மாற்றிய அன்றே ஹெட்போன் ஜாக்கில் பஞ்சு அடைத்திருக்கலாம். திரையின் மேலே ஹெட்போன் சின்னம் போகாமல் நின்றால், போன் இன்னமும் ஹெட்போன் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மூடி வைத்திருக்கிறது. மரத்தாலான பல்குச்சியால் துளையை மெதுவாகச் சுத்தம் செய்து, ஹெட்போனை நாலைந்து முறை செருகி எடுத்துப் பாருங்கள். காதில் வைக்கும் ஸ்பீக்கரின் வலையில் தூசி படிந்தாலும் அழைப்புச் சத்தம் குறையும்.

ஆண்ட்ராய்டு 12 முதல் மேலிருந்து இழுக்கும் பலகையில் மைக்கை மொத்தமாக அணைக்கும் பொத்தான் ஒன்று உண்டு. தெரியாமல் கை பட்டிருந்தால் எந்தச் செயலியிலும் குரல் பதிவாகாது. அதையும் பாருங்கள். கூடவே கூகுள் செயலிக்குக் கொடுத்துள்ள மைக் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். குரல் கேட்டு விழிக்கும் வசதி சில கஸ்டம் ரோம்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாது, மற்றச் செயலிகளுக்கு வெறும் அமைதிதான் கிடைக்கும். இந்த ஒரே மாற்றத்தில் மைக் திரும்பி வந்த போன்கள் ஏராளம்.

இரண்டாம் படி: எல்லா மாட்யூல்களையும் அணையுங்கள்

அழிக்க வேண்டாம், அணைத்தால் போதும். ரூட் தரும் மேஜிஸ்க் செயலியில் மாட்யூல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். மேஜிஸ்க் மாட்யூல்கள் வெண்டாரை நேரடியாகத் திருத்துவதில்லை, அதன்மேல் ஒரு போர்வை போல விரிக்கின்றன; அணைத்தால் அடியில் இருந்த அசல் அப்படியே தெரியும். போனே திறக்காமல் லோகோவில் சுற்றிக்கொண்டிருந்தால், திறக்கும் நேரத்தில் வால்யூம் குறைக்கும் பொத்தானைப் பிடித்து ஆண்ட்ராய்டின் சேஃப் மோடுக்குப் போங்கள். மேஜிஸ்க் அதைக் கவனித்து எல்லா மாட்யூல்களையும் அணைத்துவிடும். அடுத்த முறை சாதாரணமாகத் திறந்தாலும் அவை அணைந்தே இருக்கும்.

மாட்யூல் இல்லாமல் சத்தம் வந்துவிட்டதா? சரி, ரோமில் குறை இல்லை. ஒவ்வொரு மாட்யூலாக இயக்கி, ஒவ்வொரு முறையும் ரீபூட் செய்து, எது வந்ததும் சத்தம் போகிறது என்று பாருங்கள். அலுப்பாக இருக்கும். ஆனாலும் இரண்டை ஒன்றாக இயக்கிப் பார்க்காதீர்கள்.

பலரும் கவனிக்காத ஒரு காரணம் உண்டு. சில மாட்யூல்கள் நிறுவும்போது உங்கள் வெண்டாரில் உள்ள ஆடியோ கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் திருத்தம் செய்து வைத்துக்கொள்கின்றன. அடுத்த மாதம் நீங்கள் ரோமை அப்டேட் செய்தால் அடியில் உள்ள கோப்பு புதியது, மேலே போர்த்தியிருப்பது பழைய ரோமின் பிரதி. "நேற்று வரை நன்றாக இருந்தது, அப்டேட் செய்ததும் போய்விட்டது" என்பதில் பாதி இதுதான். ரோமை அப்டேட் செய்வதற்கு முன் ஆடியோ மாட்யூலை நீக்குங்கள். அப்டேட் முடிந்து ஒரு முறை சத்தம் சோதித்தபின் மறுபடி நிறுவுங்கள்.

மூன்றாம் படி: ஐந்து சோதனைகள்

மாட்யூல் எதுவும் இல்லாமல் பிழை இன்னும் இருக்கிறது என்றால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு இவற்றைச் செய்து எழுதுங்கள்.

1. போனில் சேமித்த பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் கேளுங்கள், பிறகு கம்பி ஹெட்போனில், பிறகு புளூடூத்தில்.
2. ரெக்கார்டர் செயலியில் பத்து விநாடி பேசிப் பதிவு செய்து கேளுங்கள்.
3. கேமராவில் வீடியோ எடுத்து அதன் குரலைக் கேளுங்கள். பல போன்களில் இதற்கு வேறொரு மைக் வேலை செய்யும்.
4. வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேசுங்கள்.
5. சாதாரண அழைப்பில் பேசுங்கள்; நடுவில் ஸ்பீக்கரை இயக்குங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னால் இதன் பயன் புரியும். முந்தின இரவு ரோம் மாற்றியிருந்தேன். காலையில் அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டார். "என்னடா, கிணத்துக்குள்ளேயிருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது. அழைப்பை வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன். அது நன்றாக இருந்தது. வாட்ஸ்அப் அழைப்பும் சரி. சாதாரண அழைப்பில் ஸ்பீக்கரை இயக்கியதும் அதுவும் சரியானது. அப்படியானால் மைக் பழுதில்லை, ஆண்ட்ராய்டின் ஒலிப்பதிவுப் பாதையும் பழுதில்லை. காதில் வைத்துப் பேசும் அழைப்பு என்ற ஒரு பாதையில் மட்டும் குறை. அது எதனால் என்று கீழே சொல்கிறேன். இந்தச் சோதனைகளுக்கு ஆனது ஐந்து நிமிடம். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அன்று முழுவதும் மாட்யூல் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

எந்தச் சத்தமும் இல்லை என்றால்

ஸ்பீக்கர், ஹெட்போன், அழைப்பு எதிலும் சத்தமில்லை; யூடியூப் வீடியோ திறக்கிறது, ஆனால் தொடக்கத்திலேயே உறைந்து நிற்கிறது. இந்த உறைந்த வீடியோ நல்ல துப்பு. வீடியோ ஓட்டுபவை படத்தின் நேரத்தை ஒலியின் நேரத்தோடு சேர்த்துத்தான் நகர்த்தும். ஒலிப் பாதை செத்துக்கிடந்தால் படமும் நகராது. இணையம் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

பெரும்பாலும் காரணம் ஃபர்ம்வேர் பொருத்தமின்மை. குவால்காம் சிப் உள்ள போன்களில் ஒலியைக் கையாளும் டிஎஸ்பியின் பெயர் ஏடிஎஸ்பி. அதற்குத் தனி ஃபர்ம்வேர், அதாவது அதற்குள்ளேயே ஓடும் மென்பொருள், உண்டு. ரோம் ஜிப்பில் அது எப்போதும் சேர்ந்து வருவதில்லை. ரோமின் வெளியீட்டுக் குறிப்பில் இன்ன பதிப்பு ஃபர்ம்வேர் தேவை என்று எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் ஃப்ளாஷ் செய்தால், அதாவது ரோமைப் போனில் ஏற்றினால், மேலே புதிய வெண்டார், கீழே இரண்டு வருடப் பழைய ஏடிஎஸ்பி. சில சிப்களில் சென்சார்களும் அதே ஏடிஎஸ்பியை நம்பியிருக்கும், அதனால் திரை தானாகச் சுழலாமலும் போகலாம். சத்தமும் சுழற்சியும் ஒன்றாகப் போயிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், ஃபர்ம்வேரைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: உங்கள் மாடலின் உள்பெயரை, அதாவது கோட்நேமை, உறுதி செய்துகொண்டு, ரோம் கேட்கும் அதே பதிப்பு ஃபர்ம்வேரை ஃப்ளாஷ் செய்யுங்கள். ஒரே பெயரில் இந்தியாவுக்கு ஒரு மாடல், மற்ற நாடுகளுக்கு ஒரு மாடல் என்று விற்பார்கள். பெயரை மட்டும் பார்த்து ஃப்ளாஷ் செய்தால் போன் திறக்காமலே போகலாம். அப்புறமும் சத்தம் வரவில்லை என்றால், பழைய ரோமின் மேலேயே புதியதைப் போட்டிருந்தீர்களா என்று யோசியுங்கள். டர்ட்டி ஃப்ளாஷ் எனப்படும் இந்த முறை ஒரே ரோமின் அடுத்த பதிப்புக்குப் பொருந்தும். ரோம் மாறினால் டேட்டாவை ஃபார்மேட் செய்துதான் போட வேண்டும்.

அழைப்பில் மட்டும் குறை என்றால்

முதலில் அழைப்பு இணைகிறதா என்று பாருங்கள். ஜியோ 2016இல் 4ஜியோடு மட்டுமே வந்தது. 4ஜி கைகொடுக்காதபோது பின்வாங்க 2ஜி, 3ஜி அதற்குக் கிடையாது. 4ஜி வழியாகவே பேச வைக்கும் வோல்ட்டி ரோமில் வேலை செய்யவில்லை என்றால் ஜியோ சிம்மில் அழைப்பே போகாது. இது ஆடியோ பிழை இல்லை, மோடம் பக்கத்துப் பிழை. டயலரில் *#*#4636#*#* அடித்தால் பல ரோம்களில் போன் தகவல் பக்கம் திறக்கும். அங்கே வோல்ட்டி இயங்குகிறதா என்று பார்க்கலாம்.

அழைப்பு இணைந்து, அவர்கள் குரல் நமக்குக் கேட்டு, நம் குரல் மட்டும் அவர்களுக்குக் கேட்கவில்லை அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால், என் வீட்டில் நடந்ததுதான். போனில் கீழே ஒரு மைக், மேலே ஒரு மைக் இருக்கும். கீழே வாய்ப்பேச்சு, மேலே சுற்றுப்புற இரைச்சல். இரண்டையும் ஒப்பிட்டு இரைச்சலைக் கழிப்பது ஃப்ளூயன்ஸ் எனப்படும் குவால்காம் வசதி. அதற்கான அளவீடு உங்கள் போனுக்குப் பொருந்தாததாக இருந்தால், நம் பேச்சையே இரைச்சல் என்று எண்ணிக் கழித்துவிடும். தடிமனான உறை மேல் மைக்கின் துளையை மூடினாலும் கிட்டத்தட்ட இதே விளைவு வரலாம், எனவே உறையைக் கழற்றி ஒரு முறை பேசிப் பாருங்கள்.

உறை காரணமில்லை என்றால்: கட்டளை தட்டும் டெர்மினல் செயலியில் போனின் பிராப்பர்ட்டிகளை, அதாவது உள் அமைப்பு மதிப்புகளை, பட்டியலிட்டு அதில் ஃப்ளூயன்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். பெர்சிஸ்ட் என்று தொடங்கி, நடுவில் ஆடியோ, ஃப்ளூயன்ஸ் என்று வந்து, வாய்ஸ்கால் என்று முடியும் ஒன்று இருக்கும். அதன் மதிப்பு ட்ரூ என்றிருந்தால் ரூட் அனுமதியோடு ஃபால்ஸ் என்று மாற்றி ரீபூட் செய்யுங்கள். பெர்சிஸ்ட் வகை என்பதால் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும். இரைச்சல் நீக்கம் போய்விடும், பேருந்தில் பேசினால் வண்டிச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். ஆனால் குரல் திரும்பி வரும். மறுநாள் அம்மா முதலில் சொன்னது, "இப்பதான் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு."

வாட்ஸ்அப் அழைப்பில் மட்டும் எதிர்முனையாளருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்றால் ஆடியோ எஃபெக்ட்ஸ் கோப்பைச் சந்தேகியுங்கள். எதிரொலி நீக்கமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. கவனமில்லாமல் எழுதிய மாட்யூல் தன் எஃபெக்டைச் சேர்ப்பதற்குப் பதில் முழுக் கோப்பையும் தன் கோப்பால் மாற்றிவிடும். அதில் எதிரொலி நீக்கத்தின் வரி இருக்காது.

ஈக்வலைசர், வைப்பர், ஜேம்ஸ்டிஎஸ்பி

புதிதாக வருபவர்கள் அதிகம் அல்லல்படும் இடம் இது. முழுப் போனின் ஒலியையும் மாற்றும் வைப்பர் ஃபார் ஆண்ட்ராய்டு மாட்யூலைப் போட்டாயிற்று, செயலியும் திறக்கிறது, ஆனால் "ப்ராசஸிங் இல்லை" என்கிறது. காரணங்கள் மூன்று, பெரும்பாலும் இதே வரிசையில்.

ஒன்று, ஏற்கெனவே வேறொரு எஃபெக்ட் ஓடுகிறது. லினியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமில் ஆடியோஎஃப்எக்ஸ் என்ற ஈக்வலைசர் கூடவே வரும். சில ரோம்களில் டால்பி சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரே ஒலியில் இரண்டு ஈக்வலைசர் ஓடினால் சத்தம் பிசிறும் அல்லது ஒன்று வேலை செய்யாது. அமைப்புகளில் அவற்றை முடக்குங்கள். இரண்டு ஆடியோ மாட்யூல்கள் கட்டாயம் வேண்டும் என்றால் ஆடியோ மாடிஃபிகேஷன் லைப்ரரி என்ற மாட்யூல் இருக்கிறது. ஒரே எஃபெக்ட்ஸ் கோப்பை இருவரும் அடித்துக்கொண்டு மாற்றாமல், இருவருடைய வரிகளையும் சேர்த்துக் கொடுப்பது அதன் வேலை. ஆடியோ மாட்யூல் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இது தேவையே இல்லை.

இரண்டு, ஒலி வேறு வழியாகப் போகிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆண்ட்ராய்டு பாட்டை டீப் பஃபர் என்ற வழியில் அனுப்பும், இன்னும் சில வேளைகளில் எம்பி3 கோப்பையே டிஎஸ்பியிடம் கொடுத்து அங்கேயே பிரிக்கச் சொல்லும். அறிவிப்பு ஒலியும் விளையாட்டும் பிரைமரி வழியில் போகும். முழுப் போனுக்குமான எஃபெக்ட் இந்த வழிகளில் ஏதாவது ஒன்றில்தான் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரு செயலியில் பாஸ் அதிர்கிறது, இன்னொன்றில் தட்டையாக இருக்கிறது. ஆடியோ கம்பாட்டிபிலிட்டி பேட்ச் போன்ற மாட்யூல்கள் ஆடியோ பாலிசி கோப்பிலிருந்து டீப் பஃபர் வழியை எடுத்துவிடுகின்றன. எல்லாம் ஒரே வழியில் வந்து எஃபெக்டுக்குள் புகுகிறது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும். நிறுவும்போது வால்யூம் பொத்தான்களால் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லும். முதல் முறை டீப் பஃபர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், மற்றதெல்லாம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூன்று, உங்கள் போன் மிகவும் புதியது. ஆண்ட்ராய்டு 14 முதல் ஆடியோ ஹால் ஏஐடிஎல் என்ற புதிய முறைக்கு மாறியிருக்கிறது. அந்த முறையோடு வெளிவரும் போன்கள் பழைய வகை எஃபெக்ட் லைப்ரரிகளை ஏற்றுக்கொள்வதில்லை. பழைய மாட்யூலை எத்தனை முறை நிறுவினாலும் வராது. மாட்யூலின் குறிப்பில் ஏஐடிஎல் ஆதரவு என்று எழுதியிருந்தால் மட்டும் முயலுங்கள்.

எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவலைப் பெர்மிசிவ் ஆக்கினால், அதாவது எதையும் தடுக்காமல் விட்டால், வேலை செய்யும் என்று பலர் சொல்வார்கள். சோதிப்பதற்காக ஐந்து நிமிடம் அப்படி வைக்கலாம். வேலை செய்தால் காரணம் அனுமதி மறுப்பு என்று தெரிந்துவிடும். உடனே பழையபடி என்ஃபோர்சிங்குக்கு மாற்றிவிட்டு, சரியான அனுமதி விதியோடு வரும் மாட்யூல் பதிப்பைத் தேடுங்கள். நிரந்தரமாகப் பெர்மிசிவில் விட்டால் போனின் முக்கியமான பாதுகாப்புச் சுவர் ஒன்று இல்லாமல் போகிறது. அதே போனில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், நல்ல ஒலி மட்டும்தான் வேண்டும் என்றால் ரூட் தேவையே இல்லை. வேவ்லெட் என்ற செயலி, ஆண்ட்ராய்டு 9இல் வந்த டைனமிக்ஸ் ப்ராசஸிங் வசதியைக் கொண்டு ரூட் இல்லாமலே ஈக்வலைசர் தருகிறது. பல ஹெட்போன் மாடல்களுக்கான திருத்த அளவுகளும் அதில் உண்டு. வைப்பர் போன்ற இன்னொன்றான ஜேம்ஸ்டிஎஸ்பிக்கும் ரூட் தேவைப்படாத பதிப்பு இருக்கிறது. அது ஆண்ட்ராய்டு 10இல் வந்த ஒலிப்பிடிப்பு வசதியை நம்புவதால், ஒலியைப் பிடிக்க அனுமதிக்காத செயலிகளில் எடுபடாது. என் தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்தது வேவ்லெட்தான்.

புளூடூத்

ஸ்பீக்கர் நன்றாக இருந்து புளூடூத்தில் மட்டும் இணைந்தும் சத்தமில்லை அல்லது விட்டுவிட்டு வருகிறது என்றால், முதலில் இணைப்பை மறக்கச் செய்து மறுபடி இணையுங்கள். போதவில்லை என்றால் டெவலப்பர் அமைப்புகளில் புளூடூத் ஏ2டிபி ஹார்டுவேர் ஆஃப்லோடை முடக்கும் வரியை இயக்கி ரீபூட் செய்யுங்கள். ஒலியைச் சுருக்கும் வேலை டிஎஸ்பியிடமிருந்து முதன்மைச் சிப்புக்கு மாறும். பல மாடல்களுக்கும் பொதுவாகச் செய்த ரோம்களான ட்ரெபிள் ஜிஎஸ்ஐகளில் இந்த ஒரு பொத்தான் தீர்த்துவைக்கும் பிழைகள் நிறைய.

அதே பக்கத்தில் ஒலியைச் சுருக்கும் முறையான கோடெக்கின் தேர்வும் இருக்கிறது. எல்டாக் என்ற கோடெக்கை 990 கிலோபிட்டில் கட்டாயப்படுத்தினால் நெரிசலான இடத்தில் துண்டு துண்டாகத்தான் வரும்; 660க்கு இறக்குங்கள். மிகக் குறைந்த ஒலியிலும் காது அதிர்கிறது, அல்லது முழுதாக ஏற்றியும் மெல்லக் கேட்கிறது என்றால் அப்சல்யூட் வால்யூமை முடக்கும் வரியை இயக்கிப் பாருங்கள். புளூடூத்தில் பேசும்போது மட்டும் பாட்டு பழைய வானொலி போல மாறுகிறதா? மைக் திறந்ததும் இணைப்பு அழைப்புக்கான முறைக்கு மாறுகிறது. அதில் ஒலி பெரும்பாலும் 8,000 அல்லது 16,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில்தான் போகும். எந்த ரோமிலும் இப்படித்தான், சரி செய்ய ஒன்றுமில்லை.

டைப் சி ஹெட்போனும் ஜிஎஸ்ஐயும்

டைப் சி மாற்றிகளில் இரண்டு வகை. டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு ஏற்றபடி மாற்றும் டாக் சிப் உள்ளே இருப்பது ஒன்று, வெறும் கம்பி மட்டும் இருப்பது மற்றொன்று. வெறும் கம்பி வகை அதற்கான வசதி உள்ள போன்களில் மட்டுமே வேலை செய்யும், ரோமைக் குறை சொல்லிப் பயனில்லை. டாக் உள்ளதும் வேலை செய்யவில்லை என்றால் டெவலப்பர் அமைப்புகளில் யூஎஸ்பி ஆடியோ ரவுட்டிங்கை முடக்கும் வரி இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அணையுங்கள்.

ஜிஎஸ்ஐ போட்டவர்களுக்கு ரோமுக்குள்ளேயே ட்ரெபிள் அமைப்புகள் என்ற செயலி இருக்கலாம். ஹெட்போனை வேறு முறையில் கண்டறிவது, மாற்று ஆடியோ பாலிசி, எஃபெக்ட்களை முடக்குவது என்ற தேர்வுகள் அதில் உண்டு. ஹெட்போன் மாட்டியதே தெரியவில்லை என்றால் முதலாவது, பாட்டு அடிக்கடி நின்று போனால் மூன்றாவது, சத்தமே இல்லை என்றால் இரண்டாவது. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றி ரீபூட் செய்யுங்கள்.

சத்தம் குறைவு என்பவர்களுக்கு

நிறுவன ரோமில் டால்பியோ, டிராக் என்ற அதுபோன்ற ஒலி மேம்படுத்தியோ ஓடிக்கொண்டிருந்திருக்கும். கஸ்டம் ரோமில் அது இல்லாதபோது ஒலி மெலிந்து கேட்பது இயல்பு, பிழை அல்ல. இதற்காக மிக்ஸர் பாத்ஸ் கோப்பில் கெய்னை ஏற்றுவதையோ, கெர்னல் செயலியில் ஸ்பீக்கர் கெய்னைக் கூட்டுவதையோ நான் யாருக்கும் சொல்வதில்லை. 6 டெசிபெல் கூட்டினால் ஸ்பீக்கருக்குப் போகும் மின்திறன் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். கட்டைவிரல் நகம் அளவு ஸ்பீக்கர் அது. ஒரு நண்பரின் போனில் தவில் கச்சேரி ஒன்றை முழு ஒலியில் வைத்தபோது ஒவ்வொரு அடிக்கும் காகிதம் கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. கெய்னைப் பழைய அளவுக்கு இறக்கிய பிறகும் அது போகவில்லை, ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதாயிற்று. ஹெட்போனுக்குக் கூட்டினால் ஆபத்து உங்கள் காதுக்கு.

இத்தனையும் செய்து தீரவில்லை என்றால்

போனின் உள் நிகழ்வுப் பதிவான லாக்கை எடுத்து ரோமைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். போனைக் கணினியில் இணைத்து, ஏடிபி என்ற கணினிக் கருவி வழியாக லாக்கேட் எனும் அந்தப் பதிவை முதலில் காலி செய்யுங்கள். பிழையை ஒரு முறை வரவழையுங்கள்: பாட்டைப் போடுங்கள் அல்லது அழைப்பு ஒன்று செய்யுங்கள். உடனே லாக்கேட்டைக் கோப்பாகச் சேமியுங்கள். கூடவே டம்ப்சிஸ் கட்டளையில் ஆடியோஃப்ளிங்கர், ஆடியோ பாலிசி இரண்டின் நிலையையும் எடுத்துச் சேருங்கள். அனுப்பும் முன் கோப்பில் உங்கள் போன் எண்ணோ மின்னஞ்சலோ இருக்கிறதா என்று தேடி நீக்கிவிடுங்கள். "சத்தம் வரல ப்ரோ" என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மாடலின் கோட்நேம், ரோம் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு, மாட்யூல் இல்லாமல் சோதித்தது, அந்த ஐந்து சோதனைகளின் முடிவு எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரும்பாலும் அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சம்பளமில்லாமல் இதைச் செய்பவர்.

பதில் வரும்வரை காத்திருக்க முடியாது என்றால் நிறுவன ரோமை ஃப்ளாஷ் செய்து, பூட்லோடரை மறுபடி பூட்டாமல், அதே ஐந்து சோதனைகளைச் செய்யுங்கள். அங்கே எல்லாம் சரி என்றால் வன்பொருளில் குறை இல்லை, ரோமில் சரி செய்து வரும்வரை அதிலேயே இருக்கலாம். அங்கேயும் அதே மைக், அதே ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும்; எந்தெந்தச் சோதனையில் எது வரவில்லை என்று எழுதிய அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். கீழ் மைக்கா, மேல் மைக்கா என்று கடைக்காரர் போனைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.